கப்பலில் உடம்பு சரியில்லாமல் போனால்

சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா போய்வருவது இப்போது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. பேக்கேஜ் டூர்க்காரர்களே சென்டோசா, பறவைப் பூங்கா, அப்புறம் கப்பல் என்று கோர்த்துவிடுகிறார்கள். போய்வந்தவர்கள் நீச்சல் குளம், பஃபே, இரவு ஷோ என்று படம் போடுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான், நானும் முதல் நாள் போட்டேன். ஆனால் நடுக்கடலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் தனியாகக் கிடந்தால் அதே கப்பல் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கப்பல் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் பெரிதாகத் தப்பு எதுவும் செய்யவில்லை, எல்லாக் கப்பலிலும் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான்.

பயணம் சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது. திருச்சியிலிருந்து நான், சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, இரண்டு பேருக்கும் ஒரே அறை. புறப்பட ஒரு வாரம்கூட இல்லாதபோது அவள் பையனுக்கு டெங்கு வந்துவிட்டது. “நீ போயிட்டு வாக்கா, பணம் எப்படியும் திரும்பி வராது” என்றாள். வரவும் இல்லை. கப்பல் டிக்கெட்டில் புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும், கடைசி நாட்களில் முழுப்பணமும் போய்விடும். அவள் பங்கில் துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் திரும்பி வந்தன, 40 ஆயிரம் ரூபாய் போனது போனதுதான். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. கப்பலில் அறைக்கு விலை இரண்டு பேர் கணக்கில்தான் போடுகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒருத்தர் மட்டும் பதிவு செய்திருந்தாலும் கிட்டத்தட்ட இரண்டு டிக்கெட் காசு கொடுத்திருக்க வேண்டியிருக்கும். தனியாகப் போக நினைப்பவர்கள் விளம்பரத்தில் வரும் விலையை இரண்டால் பெருக்கிவிட்டு யோசியுங்கள்.

மரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்கள் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கவுன்டர் பெண், மேலாளரைக் கூப்பிட்டார். ஒரு முறை மட்டும் நுழையும் விசா. சிங்கப்பூருக்கு விமானத்தில் வந்து இறங்கியதோடு அந்த ஒரு முறை தீர்ந்துவிட்டது. கப்பல் பினாங்கு போய்த் திரும்பி வந்தால் அது இரண்டாவது நுழைவு. அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள், பிறகு என்ன ஆனது என்று தெரியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் சிங்கப்பூர் விசாதானா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகைப் படிவத்தையும் மறுபடி ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம் என்றாலும் அவர்களுக்கும் ஒரு டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. கப்பலில் ஏறிய பிறகு இதையெல்லாம் செய்ய இன்டர்நெட் வேண்டும், அங்கே அது தனிக்காசு.

ஏறியதும் எல்லாரையும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஏழு குட்டி ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். நம் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே நிற்பார்கள். நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன், அது பின்னால் உதவியது.

முதல் நாள் மாலை சொர்க்கம்தான், மறைக்க வேண்டியதில்லை. மேல்தளத்தில் நின்றால் சிங்கப்பூர் கட்டடங்கள் பின்னால் போகின்றன, சுற்றிலும் சரக்குக் கப்பல்கள் விளக்குப் போட்டு நிற்கின்றன. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல், ஆட்டம் தெரியவே இல்லை. பஃபேயில் பருப்பு, சாதம், பனீர், கத்தரிக்காய் மசாலா என்று இந்தியச் சாப்பாட்டுக்குத் தனிப் பகுதியே இருந்தது. சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்களில் பாதிப் பேர் நம்மவர்கள் என்று சொல்லும் அளவுக்குக் கூட்டம். டீ மட்டும் வெந்நீரில் பையைப் போட்டுக் கொடுப்பது, அதை மன்னிக்க முடியாது. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கேட்பார்கள், ஆனால் குழாயிலும் பஃபே இயந்திரத்திலும் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த நல்ல குடிதண்ணீர்தான். காலி பாட்டில் ஒன்று கொண்டுபோனால் போதும்.

மறுநாள் பினாங்கு. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம், டூர் தேவையே இல்லை. லிட்டில் இந்தியாவில் பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்பீக்கரில் பழைய பாட்டு. குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நல்ல காபி குடித்தேன். அன்று ராத்திரி ஷோ பார்த்துவிட்டு அறைக்கு வரும்போது வயிறு ஏதோ சரியில்லை. நடுராத்திரிக்குள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன.

பினாங்கு காபியைத்தான் முதலில் சபித்தேன். கப்பல் டாக்டர் பிறகு சொன்னது வேறு. நோரோவைரஸ் மாதிரியான கிருமி உள்ளே போய் 12 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டுமாம். அப்படிப் பார்த்தால் முதல் நாள் பஃபேயாகவும் இருக்கலாம், விமானமாகவும் இருக்கலாம். எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மனசில் இருக்கிறது: “கையால் சாப்பிடுவீர்களா?” நாம் பஃபே வாசலில் நல்ல பிள்ளையாகக் கை கழுவிவிட்டு உள்ளே போகிறோம். போனதும் ஆயிரம் பேர் பிடித்த இடுக்கியையும் கரண்டியையும் பிடிக்கிறோம், நாற்காலியை இழுக்கிறோம், வந்து உட்கார்ந்து அதே கையால் சாதத்தைப் பிசைகிறோம். ஸ்பூனில் சாப்பிடுபவருக்கு இந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது. வாசலில் பிசுபிசுவென்று ஊற்றும் ஜெல்லும் இந்தக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். ஆகவே தட்டை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்து சாப்பிடுங்கள். கூட வந்தவர் இருந்தால் தட்டைப் பார்த்துக்கொள்வார். தனியாக இருந்தால் திரும்பி வருவதற்குள் சில சமயம் தட்டை எடுத்துப் போய்விடுவார்கள், அப்போது ஸ்பூனே மேல்.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். உள்பக்க அறை, ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு, மணி மூன்றா பத்தா என்று தெரியாது. குளியலறை ரயில் கழிவறையைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஒவ்வொரு தடவை ஃப்ளஷ் அழுத்தும்போதும் காற்றோடு உறிஞ்சிப் பெரிய சத்தம் போடும். பக்கத்து அறைக்காரர் எத்தனை தடவை எண்ணியிருப்பாரோ என்று அந்த நிலையிலும் வெட்கமாக இருந்தது. இருட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டும் சேனல் ஒன்று இருக்கும். சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டு விட்டால் ராத்திரி விடிவிளக்காகவும் ஆச்சு, விடிந்ததா இல்லையா என்றும் தெரியும். மயக்கம் வருகிற மாதிரி இருந்தபோது அந்தக் கேமராவில் தெரிந்த கருங்கடலைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொன்னால் அறைக்குள் அடைத்துவிடுவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். விடிந்தால் புக்கெட். ஃபி ஃபி தீவுக்குப் படகுக்குப் பணம் கட்டியிருந்தேன், கப்பலில் கேட்டதில் பாதி விலைக்கு வெளியே ஒரு ஏஜென்ட்டிடம். ஆனால் நிற்கவே முடியவில்லை, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. போனில் அழைத்தேன். கூட்டிப்போக சக்கர நாற்காலியோடு வந்தார்கள். மருத்துவமனை கீழ்த்தளத்தில் இருந்தது, சிறியது, ஆனால் சுத்தம். டாக்டர், நர்ஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேயே. இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பயணிகள் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்பதற்காகப் பல கப்பல்களில் வாந்தி பேதிக்கு டாக்டர் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு வாங்குவதில்லை. எனக்கும் வாங்கவில்லை. ஆனால் ட்ரிப்ஸ் ஏற்றியது, ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றும் சேர்த்து 286 அமெரிக்க டாலர். கார்டு கட்டணமெல்லாம் போட்டு நம் பணத்தில் கிட்டத்தட்ட 26 ஆயிரம். கையெழுத்துப் போட்டதும் அறைக் கணக்கில் ஏறிவிடும், உங்கள் கார்டு ஏற்கெனவே அந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். டெபிட் கார்டு கொடுத்தால் தினமும் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, இறங்கிச் சில நாள் கழித்துத்தான் விடுவார்கள். கிரெடிட் கார்டே கொடுங்கள்.

அப்புறம் அறைவாசம். கடைசிப் பேதிக்குப் பிறகு ஒரு முழு நாள் சும்மா இருந்தால்தான் வெளியே விடுவோம் என்றார் நர்ஸ். அறை அட்டையைக் கணினியில் முடக்கிவிட்டார்கள், அதைக் காட்டிக் கரையில் இறங்க முடியாது. “அபாய ஒலி கேட்டால் என்ன செய்ய?” என்று கேட்டேன். உடனே கிளம்பி உங்கள் இடத்துக்குப் போங்கள், அப்போது இந்தத் தடை கிடையாது என்றார். கேட்டது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் அதை நினைத்தே தூங்கியிருக்க மாட்டேன். முந்தின நாள் துண்டை யானையாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போன அறைப் பையன், இப்போது முகக்கவசமும் கையுறையுமாக வந்து கதவுப்பிடியில் மருந்தடித்துத் துடைத்தான். சாப்பாட்டுத் தட்டு வாசலில் தரையில். அவர்கள் செய்வது சரிதான், ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடம். ஆனாலும் தட்டைக் குனிந்து எடுக்கும்போது அழுகை வந்தது.

தொலைபேசியில் உணவு சொல்லும்போது எடுத்தவர் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, “அம்மா, தமிழா? நான் நாகர்கோவில் பக்கம்” என்றார். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சீனர்களுக்கான அரிசிக் கஞ்சி பட்டியலில் இருந்தது, அது வேண்டும் என்றேன். “அது வேண்டாம்மா, கோழி வேகவெச்ச தண்ணியிலதான் போடுவாங்க. நீங்க சைவம்தானே? நான் சமையல்ல சொல்லி வெறும் சாதத்தக் குழைய வெச்சு உப்பு போட்டுத் தரச் சொல்றேன்.” கூடவே ஒரு கிண்ணம் தயிரும் வந்தது. கப்பலில் சைவர்கள் மெனுவில் இலைப் படம் இல்லாத கஞ்சியையும் சூப்பையும் நம்பாதீர்கள், கேட்டே சாப்பிடுங்கள். அந்தத் தம்பி எட்டு மாத ஒப்பந்தம், வாரவிடுமுறையே கிடையாது என்றார். டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 டாலர் கணக்கில் தானாக ஏறியிருந்தது. டிக்கெட் போடும்போதே சொல்லாத அந்தக் காசைப் பார்த்து முதல் நாள் எரிச்சலாக இருந்தது, அதைக் குறைக்கச் சொல்லி வரவேற்பில் சண்டை போடுகிறவர்களையும் பார்த்தேன். எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

புக்கெட்டை டிவியில்தான் பார்த்தேன். கப்பல் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்க, படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் அறையிலிருந்து தெரிந்தது அந்தக் கேமராப் படத்தின் ஓரத்தில் ஒரு பச்சை மலை. ஏஜென்ட்டிடம் கட்டிய பணத்தைக் கேட்டு வாட்ஸப்பில் எழுதினேன், 24 மணி நேரத்துக்கு முன் சொல்லவில்லை என்று கையை விரித்துவிட்டார். அதே போல் அடைபட்டிருந்த ஒரு தம்பதியைக் கடைசி நாள் சந்தித்தேன், அவர்கள் கப்பலிலேயே பதிவு செய்திருந்தார்கள், டாக்டர் சீட்டு இருந்ததால் முழுப்பணமும் கணக்கில் திரும்பிவிட்டது. கப்பல் டூர் விலை அதிகம்தான், ஆனால் உடம்புக்கு வந்தாலும், சாலை நெரிசலில் மாட்டினாலும், அந்த விலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கப்பல் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனால் காத்திருக்காது. புக்கெட்டில் இன்னொரு பொறியும் உண்டு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தை மாற்றவே இல்லை. கரையில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும், போனில் நாலு என்றால் கப்பலில் ஐந்து. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

போன் என்றதும் இன்னொரு செலவு. கரையை விட்டு நகர்ந்ததும் போன், கப்பலின் சொந்த செல் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது செயற்கைக்கோள் வழி, எந்த நாட்டு ரோமிங் பேக்கிலும் சேராது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று பேக் போட்டிருந்தும், அந்த ராத்திரி தங்கைக்குப் போட்ட அழைப்புக்கும் பின்னால் ஓடிய டேட்டாவுக்குமாக நாலாயிரத்துச் சொச்சம் பில் வந்தது. கப்பல் கிளம்பும்போதே ஏர்பிளேன் மோட் போட்டுவிட்டு, வேண்டுமென்றால் கப்பல் வைஃபை வாங்கி அதில் வாட்ஸப்பில் பேசுங்கள். அந்த வைஃபையும் விலைதான், ஆனால் என்ன விலை என்று முன்கூட்டியே தெரியும். தனியாகப் போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அடைபட்டிருந்த நேரத்தில் ஊரில் இருக்கும் என் பையனோடு பேச முடிந்ததால்தான் புத்தி தடுமாறாமல் இருந்தேன்.

அடுத்த தடவை என் கைப்பையில் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஒரு பத்து, நம் டாக்டரிடம் கேட்டு வாங்கிய வாந்தி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சீட்டோடு. சோப்புத் துண்டு ஒன்று. காந்தக் கொக்கிகள் நாலு, அறைச் சுவர் இரும்பு என்பதால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், துணி மாட்டலாம். கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள், ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறையும் அடுத்த தடவை ஜன்னல் உள்ளதாகத்தான், விலை அதிகமானாலும். ஆட்டத்துக்குப் பயப்படுபவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், அங்கேதான் அசைவு குறைவு.

கடைசி நாள் மாலை விடுவித்தார்கள். மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கினேன், எல்லாரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். அன்று இரவே பெட்டிக்குச் சீட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் முனையத்தில்தான் கைக்குக் கிடைக்கும். மருந்தையும் மாற்றுத்துணியையும் பாஸ்போர்ட்டையும் அந்தப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒருவர் போட்டுவிட்டு இரவு உடையோடு காலை உணவுக்கு வந்திருந்தார்.

இன்சூரன்ஸ் கதை இறங்கிய பிறகு. நான் எடுத்த பயணக் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவில் முதல் 100 டாலர் நம்முடையது. மீதி 186 டாலருக்கு ரசீதும் பரிசோதனைத் தாளும் அனுப்பி, நினைவூட்டல் மின்னஞ்சல்களாகப் போட்டுத் தள்ளி, கடைசியில் வந்துவிட்டது. ஆனால் அதே பாலிசியில் கப்பல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவதாக ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பையன் காட்டினான். அதற்குக் கப்பல் டாக்டர் தேதி, நேரத்தோடு கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். கப்பல் நிறுவனத்துக்கு எழுதி அது கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தையும், விவரமாகப் பிரித்துப் போட்ட ரசீதையும், கட்டணம் கட்டியதற்கான தாளையும் கப்பலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். இறங்கும் நாள் காலை வரவேற்பு மேசையில் வரிசை வளைந்து வளைந்து நிற்கும், மருத்துவமனையும் அவசரத்துக்கு மட்டும்தான் திறந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள்.